கால்நடை மருத்துவப் படிப்பு உண்மையில் எவ்வளவு கடினம்?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளைக் கால்நடை மருத்துவத்தில் சேர்க்கலாமா, எம்பிபிஎஸ் அளவுக்குச் சுமை இராது என்று உறவினர்கள் சொல்வது சரிதானா, மாடுகளைக் கையாளும் உடல் உழைப்பு ஒரு பெண்ணுக்குச் சரிப்படுமா, சேர்வதற்கு முன் அவள் என்ன செய்து பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படிப்பை முடித்து அரசு மருந்தகங்களில் பணியாற்றியவன், பயிற்சி மருத்துவர்களாக வரும் மாணவர்களை உடன் வைத்து வேலை வாங்குகிறவன் என்ற முறையில், தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

உறவினர்கள் சொல்வது சரியல்ல. எம்பிபிஎஸ் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டுகள் என்றால், இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் 2016இல் வகுத்த விதிமுறைகளின்படி கால்நடை மருத்துவ இளநிலைப் படிப்பும் அதே ஐந்தரை ஆண்டுகள்தான். முதல் மூன்று ஆண்டுகள் பன்னிரண்டு மாதக் கணக்கிலும், நான்காம் ஆண்டு பதினெட்டு மாதங்களாகவும் நடக்கும். அதன் பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியாக இருந்தாலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் பின்னர் வந்த கல்லூரிகளாக இருந்தாலும், எல்லாம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரே பாடத்திட்டத்தில் நடப்பவை. ஆகவே எந்தக் கல்லூரியில் சுமை குறைவு என்று விசாரித்து அலைய வேண்டியதில்லை.

கால அளவு ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு எங்கே வருகிறது என்றால், மனித மருத்துவர் ஓர் உடலைப் படிக்கிறார், நாம் பல உடல்களைப் படிக்கிறோம். முதல் ஆண்டு உடற்கூறியலில் மாட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு குதிரை, ஆடு, பன்றி, நாய், கோழி ஆகியவை எங்கெங்கே அதிலிருந்து விலகுகின்றன என்று ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். மாட்டுக்கு விலா எலும்புகள் 13 இணை, குதிரைக்கு 18. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கோழிக்குப் பெரும்பாலும் இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடுகிறது. நுரையீரலோடு உடல் முழுக்கக் காற்றுப் பைகள் வேறு. இவற்றைத் தனித்தனியே படிக்கும்போது சுவையாகத்தான் இருக்கும். செய்முறைத் தேர்வில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மணியடித்து நகர்த்தும்போது, கையில் இருக்கும் தோள்பட்டை எலும்பு ஆட்டினுடையதா நாயினுடையதா, இடப்பக்கமா வலப்பக்கமா என்று அந்தச் சில நொடிகளில் சொல்ல வேண்டியிருக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். ஃபார்மலின் ஊறிய உடலைச் சுற்றி நின்று, கண் எரிய எரிய ஒரு நரம்பைத் திசுவிலிருந்து பிரித்தெடுக்கும் பிற்பகல்கள் அந்த ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அந்த வாடை மேலங்கியை விட்டுப் போவதே இல்லை; விடுதி உணவகத்தில் முதலாண்டு மாணவர்கள் எந்த மேசையில் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அதே ஆண்டில் கால்நடை உற்பத்தி மேலாண்மை என்ற பாடம் அதிகாலையிலேயே பண்ணைக்கு இழுத்துச் சென்றுவிடும். பால் கறப்பது, தீவனம் நிறுத்துப் போடுவது, கன்றுக்குக் காதுத்தோடு மாட்டுவது, கொட்டகை கழுவுவது, ரூஃப் முறையில் கயிறு கட்டி மாட்டை அடிபடாமல் கீழே படுக்க வைப்பது எல்லாம் இதில் அடங்கும். கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தசமப் புள்ளி வரை கணக்கிட்டு வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. சாணி அள்ளுவதற்கா இவ்வளவு மதிப்பெண் வாங்கினோம் என்று முகம் சுளிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். என் கருத்தில் இந்தப் பண்ணை வேலைதான் முதல் ஆண்டின் பயனுள்ள பகுதி. மாட்டின் பக்கத்தில் எந்தப் பக்கமாகப் போய் நிற்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் கற்றுத்தருவதில்லை.

நடு ஆண்டுகள் வேறு வகையான சோதனை. நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல், உணவூட்டவியல், மரபியல், பொதுச் சுகாதாரம் என்று பாடங்கள் குவியும். உயிருள்ள விலங்கைத் தொடும் நேரம் குறைந்து, நுண்ணோக்கிக்கும் குறிப்பேட்டுக்கும் இடையே நாள் கழியும். மாணவர்கள் சோர்ந்து போவது பெரும்பாலும் இங்கேதான். ஈரல் தட்டைப்புழு நத்தைக்குள் எந்தெந்த வடிவங்கள் எடுத்து மாட்டின் ஈரலுக்கு வந்து சேர்கிறது என்பது போன்ற வாழ்க்கைச் சுழற்சிகள் ஒன்றல்ல இரண்டல்ல, பக்கம் பக்கமாக வரும். மனப்பாடத்தால் ஒரு தேர்வைத் தாண்டலாம், ஆனால் வருடம் முழுவதற்குமான ஆண்டுத் தேர்வு முறையில் மார்ச்சில் படித்ததை அடுத்த ஆண்டு வரை தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதால், அன்றன்று படிக்காதவர்கள் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். வகுப்பு வருகைக்கும் குறைந்தது 75 விழுக்காடு என்ற விதி உண்டு. பாடத்தை அறையில் உட்கார்ந்து நானே படித்துக்கொள்வேன் என்ற வழி இங்கே அடைபட்டுவிடுகிறது.

மருந்தியலை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் படிப்பின் இயல்பு அதில் தெளிவாகத் தெரியும். மயக்கமூட்டப் பயன்படும் சைலசின் என்ற மருந்து குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். உடல் எடை பெரிதுதானே என்று குதிரைக் கணக்கில் மாட்டுக்கு ஏற்றினால் அது எழுந்திருக்காமலே போகலாம். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. காலி (Collie) என்ற மேய்ப்பு இன நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் குறைபாட்டால் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து மாட்டின் வலியை நன்றாகவே குறைத்தது. ஆனால் அந்த மருந்து உடலில் தங்கிய நிலையில் செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால், 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. ஒரு மருந்தைப் படிக்கும்போது அது எந்த உயிருக்கு எவ்வளவு என்பதோடு, பாலில் எத்தனை நாள் தங்கும், இறைச்சியில் எத்தனை நாள் தங்கும், செத்தால் யார் தின்பார்கள் என்பது வரை மனதில் வைக்க வேண்டும். நோயாளியின் பாலை ஊரே குடிக்குமே என்ற கவலை எம்பிபிஎஸ் மாணவருக்கு இல்லை.

இறுதிப் பதினெட்டு மாதங்களில் மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு ஆகியவை கல்லூரி மருத்துவமனையோடு சேர்ந்து வரும். இங்கே சுமை தலையிலிருந்து கைக்கு இறங்குகிறது. சினைப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், வளையல்களைக் கழற்றி, தோள் வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையில் சோப்பு நீர் தடவிக்கொண்டு ஆசனவாய் வழியே கையை நுழைத்து, குடற்சுவருக்கு அப்பால் கருப்பையையும் சூலகத்தையும் விரலால் தேட வேண்டும். முதலில் சில நாட்களுக்குச் சூடான சாணத்தைத் தவிர எதுவும் தெரியாது. குடல் சுருங்கிக் கையைப் பிழியும், முழங்கைக்குக் கீழே மரத்துப் போகும், பேராசிரியர் பின்னால் நின்று கருப்பைக் கழுத்து கிடைத்ததா என்று கேட்பார், கிடைத்தது என்று பொய் சொல்லத் தோன்றும். சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். இறைச்சிக் கூடத்திலிருந்து கொண்டுவந்த கருப்பைகளை மேசையில் வைத்துத் தொட்டுப் பழகி, மாடு மாடாகக் கையை விட்டுப் பார்த்த பிறகு, ஒரு நாள் இடுப்பெலும்பின் தரையில் உருளையாக ஒன்று விரலில் தட்டுப்படும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னே போனால் கருப்பையின் இரு கொம்புகளும், அவற்றின் ஓரத்தில் பாதாம்பருப்பு அளவில் சூலகமும் கிடைக்கும். தேர்ந்த கை இரண்டு மாதச் சினையை இப்படிச் சொல்லிவிடும். அந்தத் தேர்ச்சி யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வகுப்பில் முதலிடம் பிடிப்பவர்களுக்கு முதலில் வரும் என்பதும் இல்லை.

இதற்கு இணையாக நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது பால் காய்ச்சல் கண்ட மாடு. கன்று ஈன்ற இரண்டு மூன்று நாட்களுக்குள், அதுவும் நிறையக் கறக்கும் மாடுகளுக்கு வருவது. பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடல் குளிர்ந்திருக்கும். காது சில்லிட்டு, மூக்கு வறண்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு எழ முடியாமல் படுத்துக் கிடக்கும். இரத்தத்தில் கால்சியம் சரிந்திருக்கிறது. மாணவரின் ஒரு கையில் கழுத்து இரத்தக் குழாயில் ஏற்றிய ஊசி, மறு கையில் மார்பில் வைத்த ஸ்டெதஸ்கோப். கால்சியம் போரோகுளுக்கோனேட் என்ற கால்சியக் கரைசல் மெதுவாக இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும், எனவே துடிப்பு மாறும் நொடியில் குப்பியைத் தாழ்த்த வேண்டும். முழுவதும் ஏறுவதற்குள் தசைகள் நடுங்கும், மாடு ஏப்பம் விடும், சாணம் போடும், பல நேரங்களில் எழுந்து நின்றுவிடும். பாடத்தில் இது அரைப் பக்கம்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்துக்குள் உடல் இயங்கியல், மருந்தியல், உணவூட்டவியல் மூன்றும் இருப்பதை, குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மாணவரே கண்டுகொள்வார்.

இன்டர்ன்ஷிப் ஆண்டில் நேரக் கணக்கு என்பதே இல்லாமல் போகும். கல்லூரி மருத்துவமனை, பண்ணை, கோழிப் பண்ணை, கிராமத்து அரசு மருந்தகம், உயிரியல் பூங்கா போன்ற இடங்களுக்குச் சுழற்சியில் போக வேண்டியிருக்கும். பார்வோ வைரஸ் கண்ட நாய்க்குட்டிக்கு இரவெல்லாம் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, விடியற்காலையில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட மாட்டைப் பார்க்கப் போவது வழக்கமான ஒன்றுதான். பயிற்சி உதவித்தொகை உண்டு, ஆனால் அதை நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிட வேண்டாம்.

மனச் சுமையைப் பற்றிச் சேர்க்கைக் கையேடுகள் எதுவும் பேசுவதில்லை. மனித மருத்துவத்தில் நோயாளியைக் காப்பாற்றுவது ஒன்றே குறி. இங்கே அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவைவிட மாட்டின் விலை குறைவாக இருந்தால் விவசாயி என்ன முடிவெடுப்பார் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. காப்பாற்ற முடியும் என்று தெரிந்தும் காசில்லாததால் விட்டுவிட வேண்டிய விலங்கு, பிழைக்க வழியில்லாமல் வேதனைப்படும் நாய்க்குக் கருணைக்கொலை ஊசி போட்டுவிட்டு அதன் உரிமையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை இரண்டுமே மாணவப் பருவத்திலேயே வந்துவிடும். அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களோடு ஒப்பிடும்போது தற்கொலையால் இறந்த கால்நடை மருத்துவர்களின் விகிதம் ஆண்களில் 2.1 மடங்காகவும் பெண்களில் 3.5 மடங்காகவும் இருந்தது. அந்த நாட்டுக் கல்விக்கடனும் வேலைச் சூழலும் வேறு. அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் உங்கள் மகள் விடுதியிலிருந்து போனில் ஒருநாள் பேச்சில்லாமல் இருந்தால், மதிப்பெண் என்ன ஆயிற்று என்று தொடங்காமல், இன்று வார்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பெண் பிள்ளையின் உடல் வலிமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இன்று பெண்கள் திரளாகப் படிக்கிறார்கள், கிராமத்து மருந்தகங்களைத் தனியாளாக நடத்துகிறார்கள். நானூறு கிலோ எடையுள்ள மாட்டை ஆணாலும் தோள்வலியால் அடக்க முடியாது. மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கும் விதம், கயிற்றின் முடிச்சு, கூண்டு, தேவைப்பட்டால் மயக்க மருந்து ஆகியவைதான் அடக்குகின்றன. சிறிய கையுடையவர்களுக்கு ஆட்டிலும் சின்ன மாட்டிலும் பிரசவம் பார்ப்பது எளிதாகவே இருக்கிறது. உண்மையில் கடினமானது வேறு: நள்ளிரவில் தொலைவான ஊருக்கு அழைப்பு வருவது, கழிவறை இல்லாத முகாமில் நாள் முழுக்க நிற்பது, பெரிய டாக்டர் இல்லையா அம்மா என்று உரிமையாளர் கேட்பது. இவை அந்தப் பெண்ணின் உடல் குறை அல்ல. ஆனால் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை.

ஆபத்துகள் ஆண், பெண் பார்ப்பதில்லை. உதை, முட்டு, கடி, ஊசிக் குத்து எல்லாம் உண்டு. கன்று வீசிய, அதாவது கருச்சிதைந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தால் புருசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் தொற்றலாம். அடைப்பான் நோயால் செத்ததாகச் சந்தேகம் வந்தால், உடலைத் திறந்து பிரேதப் பரிசோதனை செய்யவே கூடாது என்பது படிப்பில் அடித்துச் சொல்லப்படும் பாடம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த இரத்தம் கசிந்திருப்பதே அதன் அடையாளம். வெறிநோய்க்கு எதிரான முன்தடுப்பூசியை முதல் ஆண்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், யாரும் நினைவூட்டும் வரை காத்திருக்கக் கூடாது.

தமிழ் வழியில் படித்தவராக இருந்தால் முதல் சில மாதங்கள் கூடுதலாகத் திணறல் இருக்கும், ஏனெனில் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில், அதிலும் தசைகளின் பெயர்கள் லத்தீனில். இது நிலையான தடை அல்ல. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகமும் உண்டு: துள்ளுமாரி, கோமாரி, ஆட்டுக்கொல்லி, வெள்ளைக் கழிச்சல் ஆகியவை மற்றவர்களுக்குப் புத்தகத்தில் வரும் பெயர்கள், இவர்களுக்கு வீட்டுத் தொழுவத்தில் பார்த்தவை. விவசாயியிடம் என்ன கேட்டால் உண்மையான பதில் வரும் என்பதும் இவர்களுக்கே முதலில் தெரியும். நோயாளி வாய் திறக்காத தொழிலில் பாதி நோயறிதல் உரிமையாளரின் பேச்சில்தான் இருக்கிறது. தை மாதத்தில் சல்லிக்கட்டுக் காளைகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் வரிசையில் உட்கார நேரும்போது, உரிமையாளர்களோடு பேசத் தெரியாத மருத்துவரின் பாடு பரிதாபம். அதைப் பாடத்தைவிடக் களமே கற்றுத்தருகிறது.

மருத்துவ இடம் தவறியதால் இதற்கு வருவது பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காட்டுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். ஆகவே நீட்டில் குறைந்தவர்கள் பலர் இதைப் பிடிப்பது இயல்பு, அவர்களில் சிறந்த கால்நடை மருத்துவர்களாக ஆனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் முதல் ஆண்டு முழுக்க மறுபடியும் நீட் எழுதிக்கொண்டு, இரண்டு படகில் கால் வைத்து, உடற்கூறியலிலும் தோற்று, நீட்டிலும் தோற்றவர்களையும் தெரியும். இந்தப் படிப்பின் முதல் ஆண்டு இன்னொரு நுழைவுத் தேர்வுக்கு இடம் தராது. சேர்வதென்றால் முழுமையாகச் சேர வேண்டும். இன்னும் ஓர் ஆண்டு நீட் முயற்சி செய்ய மகளுக்கு விருப்பம் இருந்தால், அதை வீட்டில் இருந்து செய்வதே மேல்.

கலந்தாய்வுக்கு முன் என்ன செய்யலாம் என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில், பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மருத்துவரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் காலை நேரத்தில் மகளை ஓரமாக நிற்க வையுங்கள் என்பதே. நாய்க்குட்டிகளை மட்டும் பார்க்கும் நகரத்துத் தனியார் கிளினிக் வேண்டாம். மாடும் ஆடும் வரும் இடமாக இருக்கட்டும். செயற்கை முறை கருவூட்டலுக்குத் திரவ நைட்ரஜன் கலனிலிருந்து உறைவிந்துக் குச்சியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் இளக்குவது முதல், வயிறு உப்பிய ஆட்டுக்கு மருந்து புகட்டுவது வரை எல்லாம் கண்ணில் படும். சீழ்க்கட்டியைக் கீறும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, அது பழகிவிடும். அவள் மாட்டை மட்டும் பார்க்கிறாளா, மாட்டைக் கொண்டுவந்தவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கிறாளா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். வார இறுதியில் திரும்பப் போகலாமா என்று அவளே கேட்டால், விண்ணப்பத்தை நிரப்பலாம்.